லீனியர் பவர் சப்ளை போட்டால் "உர்ர்" சத்தம் போகுமா?

கோவைக்காது

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

என் செட்: பெல்ட் டர்ன்டேபிள் (டிசி மோட்டார்), மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய பகுதி), தனி போனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் சின்ன சிக்னலைப் பெருக்கும் பெட்டி), பாட்டு ஓட்ட ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர், அதிலிருந்து யூஎஸ்பி வழியாக டாக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் பெட்டி). எல்லாம் ஒரு இன்டக்ரேட்டட் ஆம்புக்குப் போகிறது. டிவியின் ஹெட்போன் அவுட்டும் அதே ஆம்பில்தான். ஆம்ப் மட்டும் மூன்று பின். மற்றதெல்லாம் இரண்டு பின் அடாப்டர். போனோவுக்கு 12 வோல்ட் டிசி, அடாப்டர் மேல் 500 மில்லிஆம்ப் என்று எழுதியிருக்கிறது.

தெரு அடங்கிய பிறகு ஸ்பீக்கரில் "உர்ர்" என்று ஒரு சத்தம். போனோவில் அதிகம், மற்ற இன்புட்களிலும் லேசாக உண்டு. பாட்டு ஓடினால் மறைந்துவிடும். ஆனால் ஆலாபனையில் பாடகர் மூச்சு விடும் இடத்தில் காது அங்கேயே போய் நிற்கிறது.

கடைக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "எல்லாம் இந்த எஸ்எம்பிஎஸ் அடாப்டர் பண்ற வேலை சார்." எஸ்எம்பிஎஸ் என்றால் வேகமாக ஸ்விட்ச் செய்து கரண்ட்டை மாற்றும் சாதாரண அடாப்டர். அதற்குப் பதில் டிரான்ஸ்பார்மரும் ரெகுலேட்டரும் வைத்த லீனியர் சப்ளை, பைக்கு 5 வோல்ட்டில் 18,000 ரூபாய் என்கிறார். போனோவுக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஆம்ப் வாங்கிய காசு ஆகிவிடும். வாங்கலாமா?

தேம்ஸ்தமிழன்

வாங்குங்கள். யோசிக்கவே வேண்டாம்.

இங்கே இங்கிலாந்தில் நெய்ம் கம்பெனி ஆம்ப் வைத்திருப்பவர்கள் பல பத்தாண்டுகளாக இதைத்தானே செய்கிறார்கள்? ப்ரீஆம்பை மாற்றாமல் அதற்குத் தனியாக ஹைகேப் என்ற பவர் சப்ளைப் பெட்டி போடுவார்கள். நானும் அப்படித்தான் வந்தவன். ஹைகேப் போட்ட அன்று மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முதல் தடவையாகத் தனியாகக் கேட்டது. லின் டர்ன்டேபிளுக்கு லிங்கோ என்ற மோட்டார் சப்ளை, ரெகா டர்ன்டேபிளுக்கு அவர்களே விற்கும் மோட்டார் சப்ளை என்று, சப்ளைக்காகத் தனிப் பெட்டி விற்காத கம்பெனி இங்கே குறைவு. நமக்குக் கேட்பது எல்லாமே கடைசியில் சுவரிலிருந்து வரும் கரண்ட்தான். அதைச் சுத்தம் செய்யாமல் மேலே எதைப் போட்டும் பயனில்லை.

ஈயப்பற்று

தம்பி, காசை எடுக்காதீர்கள். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

நாங்கள் அசெம்பிள் செட் சர்வீஸ் பார்த்த காலத்தில் "உம்" என்று வரும் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பவர்கள் எல்லோருமே "கப்பாசிட்டர் போச்சுங்க" என்றுதான் சொல்வார்கள். திறந்து பார்த்தால் பாதி பெட்டியில் கப்பாசிட்டர் நன்றாக இருக்கும், எர்த் ஒயர் போன வழிதான் தப்பாக இருக்கும்.

இதைச் செய்யுங்கள். ஆம்பின் பின்னால் இருக்கும் எல்லா ஆர்சிஏ (ஆடியோ) கேபிளையும் கழற்றுங்கள். ஆம்பை ஆன் செய்து வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள், ஒவ்வொரு தடவையும் ஆம்பை அணைத்துவிட்டு. எந்தக் கேபிள் உள்ளே போனதும் "உர்ர்" வருகிறதோ அதுதான் ஆள். செருகும்போது அந்த இன்புட்டைத் தேர்ந்தெடுத்துத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. வேறு இன்புட்டில் வைத்திருக்கும்போதே சத்தம் ஏறினால் அது எர்த் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பின் மூன்றாவது பின்னை மட்டும் தொடாதீர்கள். எர்த் பின்னை உடைத்தால் ஹம் போகும் என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹம்மோடு ஆளும் போய்விடுவார்.

சந்தேகி

மேலே சொன்னதோடு ஒன்று. சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். மொழுமொழுவென்று அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று வந்தால் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் எர்த் லூப் (எர்த் ஒயர்கள் வட்டமாகி அதில் கரண்ட் ஓடுவது) அல்லது பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம். "உர்ர்" என்று பல் வைத்து வந்தால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கப்பாசிட்டரை நிரப்புவதால் வருவது அது. செல்போனில் ஏதாவது இலவச ஸ்பெக்ட்ரம் செயலி போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். போன் மைக் 50 ஹெர்ட்ஸில் மந்தம்தான், ஆனாலும் 50ஆ 100ஆ என்று சொல்லிவிடும்.

தேம்ஸ்தமிழன், நெய்மின் பழைய ப்ரீஆம்புகள் பவர் ஆம்பிலிருந்தே 24 வோல்ட் வாங்கி ஓடும். அந்தச் சப்ளையைத் தனியே பிரித்தால் மாற்றம் வர இன்ஜினியரிங் காரணம் இருக்கிறது. அதைக் காட்டி ஒரு ராஸ்பெர்ரி பைக்கு 18,000 கொடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேம்ஸ்தமிழன்

காது என்று ஒன்று இருக்கிறது ஐயா. எல்லாவற்றையும் செயலியில் போட்டுப் பார்க்க முடியாது.

சந்தேகி

காதை வைத்தே பார்ப்போம், எனக்கும் அதுதான் வேண்டும். எது ஓடுகிறது என்று தெரியாமல் வீட்டில் யாரையாவது மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் சொல்ல முடிந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்

இரண்டு பேரும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கேட்டவர் முதலில் சோதித்துவிட்டு வரட்டும்.

கோவைக்காது

செய்தேன். ஆச்சரியமாக இருக்கிறது.

எல்லாம் கழற்றியபோது ஆம்ப் நிசப்தம். பை, டாக் செருகினேன், ஒன்றுமில்லை. டிவி கேபிளைச் செருகினதும் "ம்ம்ம்" என்று ஆரம்பித்தது, டாக் இன்புட்டில் வைத்திருக்கும்போதே! டிவி பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் நிற்கவில்லை. போனோவைச் செருகினால் வேறு மாதிரி, பல் வைத்த "உர்ர்". டிவியைக் கழற்றிய பிறகும் அது போனோ இன்புட்டில் மட்டும் இருக்கிறது. ஆக இரண்டு சத்தம், இத்தனை நாள் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஈயப்பற்று

டிவி பிளக்கைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் கரண்ட் வழியாக வரவில்லை. கேபிள் டிவி ஒயர் இருக்கிறதா? செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் அந்தக் கறுப்பு கோஆக்ஸ் ஒயரைத் திருகிக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

கோவைக்காது

போயே போய்விட்டது! சுத்தமாக இல்லை. எப்படி அண்ணா?

ஈயப்பற்று

கோஆக்ஸின் வெளிப்பின்னல் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து வருகிறது. வழியில் கம்பம், பக்கத்து வீட்டு மாடி, எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வரும். அங்கிருக்கும் எர்த் ஒன்று, உங்கள் வீட்டு எர்த் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும். ஒயர், செட்டாப் பாக்ஸ், டிவி, ஆடியோ கேபிளின் பின்னல், ஆம்பின் சேசிஸ், மூன்றாவது பின் என்று ஒரு வட்டம் கட்டி ஓட ஆரம்பித்துவிடும். அந்த வட்டத்தில் உங்கள் பாட்டும் இருக்கிறது, அவ்வளவுதான்.

டிவியில் ஆப்டிகல் அவுட் இருக்கும், டாக்கில் ஆப்டிகல் இன் இருந்தால் அதில் போடுங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, அந்த நூல் வழியாக ஒளிதான் போகும், எர்த் போகாது. சில நூறு ரூபாயில் முடிந்தது.

அப்படியே ஒரு மல்டிமீட்டரை ஏசியில் வைத்து சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து சொல்லுங்கள். கைப்பிடி இன்சுலேஷன் நன்றாக இருக்கிற மீட்டராக இருக்கட்டும், உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. பத்து, இருபது என்று ஆடினால் எர்த் குழியில் தண்ணீர் விட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசியுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத சாக்கெட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹை-ஃபை ஒரு பக்கம் இருக்கட்டும், உயிருக்கு வேண்டியது அது.

ரொறன்ரோ றேடியோ

நல்லதொரு இழை. இங்கே கேபிள் ரிவியால் வரும் இரைச்சல் எனக்கும் கனகாலம் இருந்தது. இடையில் புகுந்து ஒன்று கேட்கிறேன், குறை நினைக்கவேண்டாம்.

நான் இங்கே பாவிக்கிற ரேண்டேபிள் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், ஏசி மோட்டர். அடுத்த வருசம் யாழ்ப்பாணத்துக்கு அப்பாவிடம் கொண்டுபோய் வைக்கலாம் என்று யோசனை. ஸ்ரெப் டவுன் ஒன்று வாங்கினால் காணும்தானே?

சந்தேகி

காணாது. ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் சுற்றும் வேகம் முழுக்க அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60க்குச் செய்த கப்பி 50இல் ஓடினால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே போய்விடுவார். உங்கள் அப்பா ஒரு நிமிடம்கூடக் கேட்க மாட்டார்.

வழி இரண்டு. அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி கிடைத்தால் அதை மாற்றி, ஸ்டெப் டவுனும் போடுவது. இல்லையென்றால் கிரிஸ்டல் வைத்துத் தன் சொந்த 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் மோட்டார் சப்ளை. தேம்ஸ்தமிழன் சொன்ன லிங்கோவின் பழைய வடிவங்கள் செய்ததும் இப்படித் தன் சொந்த அதிர்வெண்ணை உண்டாக்குவதைத்தான். இந்த ஒரு இடத்தில் சப்ளை மாற்றுவதால் வரும் வித்தியாசத்தை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் சுருதியே மாறுகிறது.

இந்தியாவில் இன்று கிரிட்டின் (மின்வலையமைப்பின்) அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று விதி. அந்த எல்லைக்குள் ஆடினால் சுருதி மாறுவது யார் காதுக்கும் எட்டாது. தெற்கு கிரிட் மற்ற கிரிட்களோடு சேராமல் தனியாக நின்ற காலம் வேறு. 2013 டிசம்பர் 31 அன்றுதான் இணைத்தார்கள். 1990களில் 49க்கும் கீழே இறங்கும். இரண்டு சதவீதம் குறைந்தால் ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அன்றைக்கு ரெக்கார்டோடு சேர்ந்து வீணை வாசித்துப் பழகியவர்கள் தந்தியைத் திருகிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ரொறன்ரோ றேடியோ

கட்டைக் கணக்கில் சொன்னவுடன் வடிவாக விளங்கிவிட்டது. கப்பியைத் தேடுகிறேன். நன்றி.

புதுசாவந்தவன்

அண்ணன்களுக்கு வணக்கம். நான் மதுரை. எஸ்டிகே (ஆம்ப் ஐசி) போர்டு வைத்து ஆம்ப் அசெம்பிள் பண்ணியிருக்கேன், 24-0-24 ஐந்து ஆம்ப் டிரான்ஸ்பார்மர். வால்யூம் ஜீரோவில் வைத்தாலும் "உம்" இருக்கு. 10,000 மைக்ரோஃபாரட் இரண்டு போட்டிருக்கேன். அதை எடுத்துட்டு 47,000 போட்டா சரியாகுமா? ஒரு வீடியோவில் அப்படித்தான் சொன்னாங்க.

ஈயப்பற்று

ஆகாது தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிப்பிள் வோல்ட் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) என்பது கரண்ட்டை, 100ஆல் பெருக்கிய கப்பாசிட்டர் அளவால் வகுத்தால் வருவது. பாட்டு ஓடாதபோது உங்கள் போர்டு இழுப்பது நூறு மில்லிஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 மைக்ரோஃபாரடில் ரிப்பிள் 0.1 வோல்ட். 33 வோல்ட்டில் அது ஒன்றுமே இல்லை. பாட்டே இல்லாதபோது "உம்" வருகிறதென்றால் கப்பாசிட்டர் சின்னதாக இருப்பது காரணமே கிடையாது. காய்ந்துபோன கப்பாசிட்டராக இருக்கலாம், அல்லது ஒயரிங்.

நீங்கள் புதிதாகப் போட்டவர் என்பதால் ஒயரிங் என்றே சொல்வேன். டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் எங்கே போகிறது? பிரிட்ஜிலிருந்து கப்பாசிட்டருக்குப் போகும் கரண்ட் சீராகப் போகாது, ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் குபுக் குபுக்கென்று பாயும். அந்தப் பாய்ச்சல் போகும் அதே எர்த் ஒயரில் இன்புட்டின் எர்த்தையும் பற்றவைத்திருந்தால் "உம்" கட்டாயம் வரும். இரண்டு கப்பாசிட்டரையும் ஒரு கனமான கம்பியால் இணையுங்கள். டிரான்ஸ்பார்மர் நடு ஒயர் அந்தக் கம்பிக்கு வரட்டும். அந்தக் கம்பியிலிருந்து ஒரே ஒரு ஒயர் எடுத்துத் தனி முனைக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் எர்த், போர்டு எர்த், இன்புட் எர்த் எல்லாம் அந்தத் தனி முனையில் சேரட்டும்.

47,000 போட்டால் அந்தப் பாய்ச்சல் இன்னும் குறுகி, இன்னும் உயரமாகும். டயோடு சூடு, டிரான்ஸ்பார்மர் சூடு, ஆன் செய்யும்போது பியூஸ் போவது. இருப்பதே போதும். ஆனால் ஒவ்வொரு கப்பாசிட்டருக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அணைத்த பிறகு உள்ளே நிற்கும் சார்ஜ் இறங்கும். அடுத்த தடவை ஸ்குருடிரைவர் வைக்கும்போது பொறி பறக்காது.

புதுசாவந்தவன்

நடு ஒயரை சேசிஸில் ஒரு மூலையிலும், இன்புட் எர்த்தை இன்னொரு மூலையிலும் முடுக்கியிருந்தேன். நீங்க சொன்ன மாதிரி மாத்தினதும் காதை ஸ்பீக்கரில் வைத்தாத்தான் கேக்குது. தெய்வமே.

கோவைக்காது

என் இரண்டாவது சத்தத்துக்கு வரலாமா? ஆப்டிகல் போட்டாயிற்று, டிவி பிரச்சினை தீர்ந்தது. எர்த் நியூட்ரல் 1.4 வோல்ட். மிச்சம் இருப்பது போனோவின் "உர்ர்" மட்டும். டர்ன்டேபிளின் எர்த் ஒயர் போனோ திருகில் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

சந்தேகி

இங்கேதான் சப்ளை பற்றிப் பேச வேண்டும்.

இரண்டு பின் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் பெரும்பாலானவற்றில், மெயின்ஸ் பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும். ஒய் கப்பாசிட்டர் என்பார்கள், ரேடியோ இரைச்சலை அடக்கப் போடுவது. லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது அதன் உலோகத்தைத் தடவினால் விரலில் சுருசுரு என்று ஒரு அதிர்வு வருமே, அது இதன் வேலைதான். 2.2 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.16 மில்லிஆம்ப் கசியும். ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கசிவு எப்படியாவது எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் செட்டில் எர்த் இருப்பது ஆம்பில் மட்டும். ஆகவே உங்கள் ஆர்சிஏ கேபிளின் பின்னல்தான் அதற்குப் பாதை.

பின்னலும் பிளக்கும் சேர்ந்து 0.05 ஓம் என்று வைத்தால் 8 மைக்ரோவோல்ட் உண்டாகிறது. டாக்கிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளில் இது தூசு, ஏனென்றால் அங்கே சிக்னல் இரண்டு வோல்ட். ஆனால் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட். அதோடு போனோ ப்ரீஆம்ப் ஆர்ஐஏஏ வளைவுப்படி (ரெக்கார்டில் குறைத்துப் பதிந்ததை ஈடுகட்டும் விதி) தாழ்ந்த ஸ்வரங்களைத் தூக்கும். 1000 ஹெர்ட்ஸை நூறு மடங்கு பெருக்கினால் 50 ஹெர்ட்ஸைக் கிட்டத்தட்ட எழுநூறு மடங்கு. டர்ன்டேபிள் மோட்டாரின் அடாப்டர் கசிவு அந்த இன்புட் கேபிளின் பின்னல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது என்றால் உங்களுக்கு நன்றாகவே கேட்கும்.

ஆக, ஒரே அடாப்டர் டாக்கில் கேட்காது, போனோவில் கேட்கும். பை 4க்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்ப், தொய்யாமல். 4.63க்குக் கீழே இறங்கினால் அதுவே எச்சரிக்கை காட்டும். அப்படிக் காட்டினால்கூட முதலில் சந்தேகப்பட வேண்டியது மெல்லிய யூஎஸ்பி ஒயரை. 0.1 ஓம் ஒயரில் 3 ஆம்ப் போனால் 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும்.

தேம்ஸ்தமிழன்

சரி, போனோவுக்காவது லீனியர் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறீர்களே, அது போதும் எனக்கு.

சந்தேகி

இன்னும் இல்லை. அதற்கும் முன்னால் ஒரு சோதனை. யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் பேட்டரி ஒன்று யாரிடமாவது இருக்கும். போனோவை அதில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரிக்கு ரிப்பிள் இல்லை, கசிவு இல்லை, மெயின்ஸோடு சம்பந்தமே இல்லை. அதில் போகாத சத்தம் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கும் பெட்டியிலும் போகாது. அதில் போனால், எவ்வளவு நல்ல சப்ளையால் எவ்வளவு கிடைக்கும் என்பதன் உச்சத்தை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பைக்கும் அப்படியே, பவர்பேங்கில் ஓட்டிப் பாருங்கள்.

பாசிட்டிவ் ஒயரில் ஒரு ஆம்ப் பியூஸ் கண்டிப்பாகப் போடுங்கள். அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துவிடும். பின்னின் போலாரிட்டியை அடாப்டர் மேல் இருக்கும் படத்தில் பாருங்கள், நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று. முழு சார்ஜில் 13 வோல்ட்டை ஒட்டி இருக்கும், போனோவின் கையேட்டில் அது தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: அடாப்டரில் அவுட்புட் ஏசி என்று போட்டிருந்தால் பேட்டரி பக்கமே போகாதீர்கள். சில போனோ பெட்டிகள் உள்ளேயே பிளஸ், மைனஸ் என இரண்டு வோல்ட்டும் செய்துகொள்ள ஏசிதான் கேட்கும்.

கோவைக்காது

டிசிதான், நடு பின் பிளஸ், கையேட்டில் 15 வரை என்று இருக்கிறது. பக்கத்து இன்டர்நெட் சென்டரில் பேட்டரி வாங்கி வந்து பியூஸ் போட்டுப் பார்த்தேன்.

பை, பவர்பேங்கில்: ஒரு மாற்றமும் இல்லை. மனைவியை மாற்றி மாற்றிச் செருகச் சொன்னேன், நான் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. அவரே சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

போனோ, பேட்டரியில்: "உர்ர்" பெருமளவு காணோம். மிச்சம் கொஞ்சம். டர்ன்டேபிள் மோட்டார் அடாப்டரையும் பிடுங்கி, ஓடாத ரெக்கார்டில் முள்ளை வைத்துக் கேட்டால் அந்தக் கொஞ்சமும் போய், வெறும் "ஸ்ஸ்" மட்டும்.

சந்தேகி

அந்த "ஸ்ஸ்" போனோவின் சொந்தச் சத்தம், அதை எந்தச் சப்ளையும் மாற்றாது. 18,000 மிச்சம். போனோவுக்கு ஒரு சின்ன 12 வோல்ட் லீனியர் வேண்டும், மோட்டாருக்குப் பிறகு பார்க்கலாம். எல்டி3045 என்ற ரெகுலேட்டர் சில்லு வைத்த போர்டு இப்போது எங்கும் கிடைக்கிறது. அதன் இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே.

ஈயப்பற்று

அந்தச் சில்லு 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நம்மூரில் 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டாலே லோடு இல்லாதபோது அதைத் தாண்டிவிடும். பழைய எல்எம்317 ரெகுலேட்டர் போதும். அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிளைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும். உள்ளே ஒரு வோல்ட் ஆடினால் வெளியே 0.1 மில்லிவோல்ட். மிச்சத்தைப் போனோவில் இருக்கும் ஆப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) பார்த்துக்கொள்ளும். 5532 மாதிரி ஒன்று இருந்தால் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதுவே இன்னும் லட்சத்தில் ஒரு பங்காக்கிவிடும்.

தம்பி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? சைன் வேவா, ஸ்கொயர் வேவா?

கோவைக்காது

இருக்கிறது அண்ணா. பழையது, ஸ்கொயர் வேவ்தான். கரண்ட் போனால் ஃபேன் கத்தும். அதற்கும் இதற்கும் என்ன?

ஈயப்பற்று

நிறைய இருக்கிறது. சைன் வேவ் 230 என்றால் அதன் உச்சி 325. கப்பாசிட்டர் நிரம்புவது உச்சிக்கு. ஸ்கொயர் வேவ் 230இன் உச்சி 230தான். 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் சைனில் கிட்டத்தட்ட 20 வோல்ட் டிசி தரும், ஸ்கொயர் வேவில் 13.6தான் வரும். எல்எம்317க்கு மேலே ஒன்றே முக்கால், இரண்டு வோல்ட் இருந்தால்தான் 12ஐப் பிடித்து நிற்கும். அது இல்லாவிட்டால் கரண்ட் போகிறபோதெல்லாம் கையை விட்டுவிடும், "உர்ர்" திரும்ப வரும். லீனியர் சப்ளை விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தூக்கியெறியப் பார்க்கும் அந்த எஸ்எம்பிஎஸ் இதையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும்.

ஆகவே 18 வோல்ட் வைண்டிங் போடுங்கள். ஸ்கொயர் வேவிலும் 16க்கு மேல் இருக்கும். சாதாரண நாளில் 24 வரும், போனோ 150 மில்லிஆம்ப் இழுத்தால் ரெகுலேட்டரில் எரிவது இரண்டு வாட்டுக்குள். விரல் நீள ஹீட் சிங்க் போதும். கப்பாசிட்டர் 4700, ஆனால் 50 வோல்ட் தாங்குவது. லோடு இல்லாமல், லைன் 250க்கு ஏறினால் 35 வோல்ட் கப்பாசிட்டர் விளிம்பில் நிற்கும். ரெசிஸ்டர் 240 ஓம், 2 கிலோ ஓம். 11.8 வரும், அது போதும்.

தேம்ஸ்தமிழன்

ரெடிமேட் பெட்டி வாங்கினால் இவ்வளவு தலைவலி இல்லையே?

ஈயப்பற்று

இன்வெர்ட்டர் இல்லாத ஊர்க்காரர் நீங்கள், சொல்லலாம்.

தேம்ஸ்தமிழன்

அது சரி. தோற்றேன் என்று எழுத மாட்டேன், ஆனால் பேட்டரி வைத்து என் ப்ரீஆம்பையும் ஒரு நாள் கேட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. 24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரி வேண்டும்.

கோவைக்காது

சனிக்கிழமை வைண்டிங் கடைக்குப் போகிறேன். அவரிடம் என்னவென்று எழுதிக் கொடுக்க வேண்டும் அண்ணா? ரெடிமேட் 18-0-18 ஒரு ஆம்ப் கடையிலேயே கிடைக்கிறது, அது போதாதா?

ஈயப்பற்று

அதுவும் ஓடும். ஆனால் கட்டித் தருபவர் இருக்கும்போது ஒன்று கேட்டு வாங்குங்கள். பிரைமரி 230, செகண்டரி 18 வோல்ட் ஒரு ஆம்ப், நடுமுனை வேண்டாம். ஏசி ஒரு ஆம்ப் என்றால் பிரிட்ஜும் கப்பாசிட்டரும் போட்ட பிறகு டிசியில் 0.6 ஆம்புக்குத்தான் வரும், உங்களுக்கு அது தாராளம். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் தாமிர ஃபாயில் ஒரு சுற்று, ஸ்கிரீன் என்று சொன்னால் அவருக்குப் புரியும், அதிலிருந்து தனி ஒயர் வெளியே வரட்டும். அதை மூன்றாவது பின் எர்த்தில் கட்டுங்கள். கசிவு உங்கள் கேபிளுக்கு வராமல் அங்கேயே இறங்கிவிடும். பெட்டி இரும்பு என்றால் பெட்டிக்கும் அதே எர்த், பிரைமரியில் அரை ஆம்ப் பியூஸ். முடிந்ததும் பெட்டியை டர்ன்டேபிள் பக்கத்தில் வைக்காதீர்கள், கார்ட்ரிட்ஜிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, கீழ்த்தட்டில்.

ஃபாயிலின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், ஆனால் தொடக் கூடாது, நடுவில் பேப்பர் வேண்டும். தொட்டால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்று, டிரான்ஸ்பார்மர் கொதித்துவிடும். அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.